முட்டை ஓட்டில் மோல் கணக்கு

மேல்நிலை முதலாம் ஆண்டு வேதியியல் வகுப்பில், ஜூன் மாதத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி இது: “ஒரு தாளில் 20 கிராம் கால்சியம் இருக்கிறது. இன்னொரு தாளில் 20 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. எதில் அணுக்கள் அதிகம்?”

பாதிப் பேர் “இரண்டும் சமம்” என்பார்கள்; எடை ஒன்றாக இருக்கிறதே என்பது அவர்கள் காரணம். மீதிப் பேரில் பலர் “கால்சியம்” என்பார்கள். 40 பெரிய எண், 24 சிறிய எண் என்பது அவர்கள் காரணம். “மெக்னீசியம்” என்று சொல்லி, ஏன் என்றும் சொல்பவர்கள் ஓரிருவர்தான். இத்தனைக்கும் எல்லோரும் பத்தாம் வகுப்பில் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடம் படித்தவர்கள். மோலின் வரையறையைக் கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். வரையறை தெரிகிறது, எண்ணிக்கை தெரியவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில் முதுகலை ஆசிரியராக வேதியியல் கற்பித்துவரும் அனுபவத்தில், இந்த ஒரு கேள்வியில்தான் மேல்நிலை வேதியியலின் பூட்டு இருக்கிறது என்று கருதுகிறேன். எடையிலிருந்து எண்ணிக்கைக்கும், எண்ணிக்கையிலிருந்து எடைக்கும் போய்வரத் தெரிந்த மாணவருக்கு வேதிச் சமன்பாடு ஒரு வாக்கியமாகப் படிக்கிறது. தெரியாதவருக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு வரி. இக்கட்டுரையில் அந்தப் பூட்டைத் திறக்க நம் சேலம், நாமக்கல் பகுதியில் கையருகே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு நான் நடத்திவரும் ஆறு பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இப்போது பேச வேண்டும்?

மேல்நிலை முதலாம் ஆண்டுக்குப் பொதுத்தேர்வு 2017-18ஆம் கல்வியாண்டில் வந்தது. அதற்கு முன்பு பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதல் ஆண்டிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கும் வழக்கம் பல இடங்களில் இருந்ததை நாம் அறிவோம். 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. மாணவர்களின் தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் ‘இந்த வருடம் மார்க் இல்லை’ என்ற எண்ணம் மாணவர் மனத்திலும், சில நேரம் நம் பாடத்திட்டக் குறிப்பேட்டிலும் நுழைந்துவிடக் கூடாது.

வேதியியலைப் பொறுத்தவரை முதலாம் ஆண்டைத் தாண்டிக் குதிக்க முடியாது. வேதிக் கணக்கீடுகள், வெப்ப இயக்கவியல், சமநிலை, வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படைகள் எல்லாம் பதினொன்றில் இருக்கின்றன. பன்னிரண்டில் வரும் அயனிச் சமநிலை, மின்வேதியியல், வினை வேகவியல் எல்லாம் அவற்றின் மேல் நிற்கின்றன. நீட் தேர்விலும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேள்விகள் வருகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அந்த வாய்ப்பைத் தேடிப் போகும் பிள்ளை முதலாம் ஆண்டு அடிப்படை இல்லாமல் போனால், கதவு திறந்திருந்தும் படியேற முடியாது.

இன்னொரு இழப்பு கண்ணில் படாமல் நடக்கிறது. ஜூலை மாதம் “வேதியியல் ஏறவே மாட்டேங்குதுங்க சார், வணிகவியலுக்கு மாறிக்கறேன்” என்று வரும் பிள்ளைகள். வணிகவியல் குறைந்த படிப்பு என்று சொல்ல வரவில்லை. விரும்பி மாறுவது வேறு. பயந்து மாறுவது வேறு. பயத்தின் வேர் பெரும்பாலும் முதல் அலகிலேயே இருக்கிறது.

பாடவேளை 1: எடை போட்டு எண்ணுதல்

தேவை: கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, ஒரு மின்னணுத் தராசு.

குழுவுக்கு 100 கொண்டைக்கடலை, 100 பச்சைப்பயறு எண்ணச் சொல்லி எடை போடச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் கடலை ஏறத்தாழ 20 கிராம், பயறு ஏறத்தாழ 4 கிராம் வந்தது. கடலையின் வகையைப் பொறுத்து இது மாறும், மாறினால் பாதகமில்லை. ஒரு கடலை ஒரு பயறைப் போல 5 மடங்கு எடை என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து 60 கிராம் கடலையை ஒரு பொட்டலமாகக் கொடுத்து, “எண்ணாமல், இதே எண்ணிக்கையில் பயறு கொண்டு வாருங்கள்” என்கிறேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒருவர் 12 கிராம் பயறு நிறுத்துக் கொண்டுவருவார். “எப்படி?” என்று கேட்டால் “அஞ்சுல ஒரு பங்கு சார்” என்பார். இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. எல்லாக் குழுவும் இதைச் செய்து முடிக்கும் வரை காத்திருக்கிறேன். எடை 5க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் எண்ணிக்கை சமம் என்பது கையால் உணர வேண்டிய செய்தி.

சேலம் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இன்னும் எளிது. ஆயிரக்கணக்கான சிறு மணிகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு மணியின் எடை தெரிந்தால் போதும்.

பாடவேளை 2: பயறிலிருந்து அணுவுக்கு

இப்போது கரும்பலகையில் கால்சியம் 40, மெக்னீசியம் 24 என்று எழுதுகிறேன். கால்சியம் அணு கடலை, மெக்னீசியம் அணு பயறு. 40 கிராம் கால்சியத்தில் எத்தனை அணுக்களோ, அத்தனையே 24 கிராம் மெக்னீசியத்திலும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு பெயர் வேண்டும். முட்டைக் கடையில் 30 முட்டைக்கு ‘ஓர் அட்டை’ என்று பெயர். வேதியியலில் 6.022 × 10²³ துகள்களுக்கு ‘ஒரு மோல்’ என்று பெயர். பெயர் கடைசியில் வருவதால் அதற்குப் பொருள் இருக்கிறது.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று காட்ட நாமக்கல் பிள்ளைகளுக்கு முட்டையே போதும். 55 கிராம் எடையுள்ள முட்டைகளை ஒரு மோல் சேர்த்தால் அதன் நிறை சுமார் 3.3 × 10²² கிலோகிராம். நிலாவின் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மோல் தண்ணீரோ 18 கிராம், ஒரு வாய்க்கு வரும். துகள் எவ்வளவு சிறியது என்பது இந்த ஒப்பீட்டில் புரியும்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு ஒன்று: 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்ற பழைய வரையறை 2019 மே 20 முதல் மாறிவிட்டது. இப்போது ஒரு மோல் என்பது துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். கணக்குகளில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் மோல் அடிப்படையில் ஓர் எண்ணிக்கை என்பதைப் புதிய வரையறை நேராகச் சொல்கிறது. வகுப்புக்கு அதுவே வசதி.

பாடவேளை முடிவில் முதல் நாள் கேள்வியை மறுபடி கேட்கிறேன். 20 கிராம் கால்சியம் 0.5 மோல். 20 கிராம் மெக்னீசியம் 0.83 மோல். இம்முறை பெரும்பாலானோர் காரணத்தோடு சொல்கிறார்கள்.

பாடவேளை 3: சேலத்து வெள்ளைக்கல்

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில், ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் மேடுகளைப் பேருந்திலிருந்து பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. ஆங்கிலேயர் அதற்குச் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது சாக்குக்கட்டிக்குரிய கால்சியம் கார்பனேட் அன்று. மெக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். நம் ஊர் வழக்கில் வெள்ளைக்கல்.

வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். மெக்னீசியம் ஆக்சைடின் உருகுநிலை சுமார் 2,800 டிகிரி செல்சியஸ். அதனால்தான் எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு அதில் செய்த செங்கல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

சமன்பாட்டைச் சொற்களாலும் எண்களாலும் எழுதுகிறோம்: 84 கிராம் மெக்னீசியம் கார்பனேட் 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடையும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் தரும். 1 டன் தூய வெள்ளைக்கல்லைச் சுட்டால் ஏறத்தாழ 476 கிலோதான் மிஞ்சும். “மீதி 524 கிலோ எங்கே போயிற்று?” என்று கேட்டால் “எரிஞ்சு போச்சு”, “சாம்பலாயிருச்சு” என்ற பதில்கள் வரும். இந்தப் பதில்களைத் திருத்துவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்கிறேன். நிறை அழியாது என்ற விதியை ஒப்பிக்கும் மாணவரே, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கணக்கில் சேர்க்க மறப்பதை இது காட்டும். துகள்களை வட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு அணுவும் எங்கே போயிற்று என்று தேடச் சொன்னால் தெளிவு வரும்.

பிறகு கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். “1 டன் வெள்ளைக்கல்லைச் சுட்டபோது எடை 440 கிலோ குறைந்தது. கல்லில் மெக்னீசியம் கார்பனேட் எத்தனை விழுக்காடு? மற்ற பொருள்கள் சூட்டில் எடை இழப்பதில்லை என்று கொள்க.” 44 கிலோ குறைய 84 கிலோ கார்பனேட் வேண்டும், 440 கிலோ குறைய 840 கிலோ. விடை 84 விழுக்காடு. இதைப் போன்ற கணக்கைப் புத்தகத்தில் தேடி விடையைப் பார்த்து எழுத முடியாது. யோசித்தால் நான்கு வரியில் முடியும். மனப்பாடத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு கேள்வியில் வகுப்புக்கே தெரிந்துவிடும்.

பாடவேளை 4, 5: சத்துணவு முட்டை ஓடு

சத்துணவுக் கூடத்தில் தினமும் உரிக்கும் முட்டை ஓடு குப்பைக்குத்தான் போகிறது. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். அதை மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் செயல்பாடு. விழுக்காட்டை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

தயாரிப்பு: ஓட்டை நன்றாகக் கழுவி, தண்ணீரில் ஊறவைத்து, உட்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிட வேண்டும். சவ்வு இருந்தால் அமிலம் ஊற்றும்போது நுரை பொங்கும். நன்கு காயவைத்து, உரலில் மாவாக அரைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறை:

1. ஓட்டுத்தூள் 0.50 கிராம் நிறுத்துக் கூம்புக் குடுவையில் இடுக.

2. பிப்பெட்டால் 20 மி.லி. அளவு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க. நுரை அடங்கியதும் மெல்லச் சூடாக்கி, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுக. ஆறவிடுக.

3. கரைசலை 100 மி.லி. திட்டக் குடுவைக்கு மாற்றி, வாலை வடிநீர் சேர்த்துக் குறி வரை நிரப்புக.

4. அதிலிருந்து 20 மி.லி. எடுத்து, ஃபினாஃப்தலீன் நிறங்காட்டி சேர்த்து, பியூரெட்டில் உள்ள 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம் பார்க்க. நிலைத்த இளஞ்சிவப்பு நிறம் முடிவுநிலை.

5. ஓட்டுத்தூள் சேர்க்காமல் அதே 20 மி.லி. அமிலத்தை 100 மி.லி. ஆக்கி, இதே முறையில் ஒரு வெற்றுச் சோதனையும் செய்க.

பாதுகாப்பு: அடர் அமிலத்தை ஆசிரியரே நீர்க்க வேண்டும், தண்ணீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அன்று. சூடாக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும்.

“ஓட்டை நேராகவே தரம் பார்த்தால் என்ன சார்?” என்று யாராவது கேட்பார்கள். ஓடு நீரில் கரையாது, அமிலத்திலும் மெல்லத்தான் கரையும். சொட்டுச் சொட்டாக ஊற்றி முடிவுநிலையைப் பிடிக்க முடியாது. அதனால் வேண்டியதைவிட அதிகமாக அமிலம் கொடுத்துவிட்டு மிச்சத்தை அளக்கிறோம். பிள்ளையிடம் நூறு ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்த சில்லறையை எண்ணினால் செலவு தெரிகிறது. அதே கணக்கு.

ஒரு குழுவின் அளவீடுகள் இவை என்று கொள்வோம்:

வெற்றுச் சோதனையில் செலவான காரம் 40.0 மி.லி.
ஓட்டுத்தூள் கரைசலுக்குச் செலவான காரம் 21.0 மி.லி.
வேறுபாடு 19.0 மி.லி.

19.0 மி.லி. அளவு 0.1 மோலார் காரத்தில் 0.0019 மோல். நாம் எடுத்தது 100இல் 20 மி.லி.; ஆகவே மொத்தத்துக்கு 5 மடங்கு, 0.0095 மோல் அமிலம் ஓட்டோடு வினைபுரிந்திருக்கிறது. ஒரு மோல் கால்சியம் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். எனவே கால்சியம் கார்பனேட் 0.00475 மோல். மோலார் நிறை 100 என்பதால் 0.475 கிராம். 0.50 கிராமில் இது 95 விழுக்காடு.

இந்த ஒரே செயல்பாட்டில் மோலாரிட்டி, வேதிவினைக்கூறு விகிதம், நீர்த்தல் காரணி, தூய்மை விழுக்காடு எல்லாம் வந்துவிடுகின்றன. வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக்கு ஒரு கேள்வி போதும்: “0.50 கிராமுக்குப் பதில் 1.50 கிராம் தூள் எடுத்திருந்தால்?” அமிலம் முழுதும் தீர்ந்து, ஓடு மிஞ்சும். அப்போது தரம் பார்க்க அமிலமே இருக்காது. எது முதலில் தீர்கிறதோ அதுதான் வினையை நிறுத்துகிறது என்பதைக் குடுவையின் அடியில் கிடக்கும் தூளே சொல்லும். நேரம் இருந்தால் ஒரு குழுவை அப்படியே செய்யச் சொல்லலாம்.

பாடவேளை 6: விடைகள் ஏன் வேறுபட்டன?

குழுக்களின் விடைகளைப் பலகையில் வரிசையாக எழுதுகிறேன். 91, 95, 97, 93 என்று சிதறும். ஒரு குழுவுக்கு 104 கூட வரலாம். 104 வந்த குழுவைக் கேலி செய்ய விடக் கூடாது. அன்றைய பாடமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. நூற்றுக்கு மேல் எப்படிப் போகும்? தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் 0.50 கிராமில் அதுவே 2 விழுக்காடு பிழை. திட்டக் குடுவையில் குறிக்குமேல் தண்ணீர் ஊற்றினார்களா? நுரையோடு கொஞ்சம் கரைசல் வெளியே போயிற்றா? அமிலம் குறைந்தால் காரமும் குறைவாகச் செலவாகும், விடை கூடும். ஒவ்வொரு பிழையும் விடையை மேலே தள்ளுமா, கீழே தள்ளுமா என்று பேசவைத்தால், செய்முறைத் தேர்வில் எதிர்பார்க்கும் எண்ணைப் பியூரெட்டில் ‘வரவழைக்கும்’ பழக்கம் தானே குறையும்.

ஓடு மெலிவது ஏன்?

ஓராண்டு இந்த ஆறாம் பாடவேளையில் ஒரு மாணவி எழுந்தாள். ஜூலையில் பிரிவு மாறக் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தவள். தந்தை கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்.

“வெயில் காலத்துல முட்டை ஓடு மெலிசாயிருதுங்க சார். ஏத்தும்போதே ஒடைஞ்சிரும். அதுவும் இந்தக் கணக்குல வருங்களா?”

வரும் என்றேன். முதலில் அளவு. ஒரு முட்டை ஓடு சுமார் 5.5 கிராம். அதில் 95 விழுக்காடு என்றால் கால்சியம் கார்பனேட் 5.2 கிராம், அதாவது 0.052 மோல். கால்சியம் மட்டும் 2 கிராமுக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு முட்டைக்கும் கோழி இவ்வளவு கால்சியத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் துருவலும் கிளிஞ்சலும் சேர்க்கிறார்கள்.

அடுத்தது கார்பனேட். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு, கார்பானிக் அமிலம், பைகார்பனேட் ஆகியவை ஒன்றோடொன்று சமநிலையில் இருப்பவை. ஒரு பக்கம் வாயு போகப் போக, லீ சாட்லியர் தத்துவப்படி, சமநிலை அந்த இழப்பை ஈடுகட்டும் திசையில் நகர்கிறது, பைகார்பனேட் குறைகிறது. ஓடு கட்ட வேண்டிய பொருள் பற்றாமல் ஓடு மெலிகிறது. வெயிலில் கோழி தீவனம் குறைவாகத் தின்பதும் ஒரு காரணம்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா தண்ணியில சோடா உப்புக் கலக்கறது அதுக்குத்தானுங்களா சார்?”

“அதுக்கேதான் கண்ணு” என்றேன். சோடா உப்பு என்பது சோடியம் பைகார்பனேட். போனதை ஈடுகட்டத் தருகிறார்கள்.

சமநிலை எட்டாம் அலகு. நாங்கள் அப்போது முதல் அலகில்தான் இருந்தோம். இருந்தாலும் அன்று அந்த வகுப்புக்கு லீ சாட்லியர் அறிமுகமாகிவிட்டார். அந்த மாணவி பிரிவு மாறவில்லை. அரையாண்டில் முதல் மதிப்பெண் எடுத்தாள் என்று கதை முடிக்க மாட்டேன்; நடுத்தர மதிப்பெண்தான். ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேட்ட கணக்குகளை விடாமல் எழுதியிருந்தாள்.

சொற்களில் இருக்கும் சிக்கல்

நம் மாணவர்கள் தடுமாறும் சில இடங்களுக்குக் காரணம் அறிவியல் அன்று, சொல். வீட்டில் “ஐஸ் கரைஞ்சு போச்சு” என்கிறோம், “சர்க்கரை கரைஞ்சு போச்சு” என்றும் சொல்கிறோம். வேதியியலில் முதலாவது உருகுதல், இரண்டாவது கரைதல். இந்த வேறுபாடு எட்டாம் வகுப்புக்குள் தெளியவில்லை என்றால் ‘கரைசல்கள்’ அலகில் குழப்பம் தொடரும். ‘காரம்’ என்றால் வீட்டில் மிளகாய். வகுப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு. மிளகாய் காரத்தன்மை உள்ளது என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். ‘ஈயம் பூசிய பாத்திரம்’ என்னும்போது அது வெள்ளீயம். பாடநூலில் ஈயம் என்றால் காரீயம். ஒன்று சமையலுக்கு, மற்றொன்று நஞ்சு. ‘உப்பு’ என்றால் சாப்பாட்டு உப்பு மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைக்கு மயில்துத்தமும் ஓர் உப்பு என்பது வியப்பாக இருக்கும்.

வகுப்பறைச் சுவரில் இரண்டு பத்தி உள்ள தாளை ஒட்டி வைக்கலாம்: ‘வீட்டில் சொல்வது’, ‘வேதியியலில் சொல்வது’. மாணவர்களே ஆண்டு முழுதும் நிரப்பட்டும்.

மற்ற அலகுகளுக்கு நம் ஊர்ப் பொருள்கள்

முட்டை ஓட்டோடு நிறுத்த வேண்டியதில்லை. இந்தச் சமவெளியில் பாடத்துக்குப் பொருள் நிறைய இருக்கிறது.

மின்வேதியியல்: ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளின் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் பிரித்தார்கள். அந்த உருக்காலை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன, கணக்கு நிற்கவில்லை. 27 கிராம் அலுமினியத்துக்கு 3 ஃபாரடே, அதாவது 2,89,500 கூலும் மின்னூட்டம் வேண்டும். 1 டன்னுக்கு எவ்வளவு என்று கணக்கிடச் சொன்னால், இத்தகைய ஆலை ஏன் நீர்மின்சாரம் கிடைக்கும் அணையின் அருகே அமைந்தது என்பதற்கு மாணவர்களே காரணம் சொல்வார்கள்.

உயிரியல் மூலக்கூறுகள்: குச்சிக்கிழங்கு மாவும் ஜவ்வரிசியும். அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலம். அதே மாவை நீர்த்த அமிலத்தோடு கொதிக்கவைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அயோடின் சோதனை செய்தால், நிறம் மங்கி மறைவதில் நீராற்பகுத்தல் தெரியும். வினை வேகத்துக்கும் இதுவே எடுத்துக்காட்டு.

அமிலமும் காரமும்: பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் கரும்புச் சாற்றில் சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பார்கள். சாறு அமிலத்தன்மை உடையது. அப்படியே காய்ச்சினால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகி, வெல்லம் கட்டிப்படாமல் இளகும். நடுநிலையாக்கலுக்கு இதைவிட இனிப்பான எடுத்துக்காட்டு இல்லை.

இடைநிலைத் தனிமங்கள்: சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகு. அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்க வேண்டும். மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான் இரும்பைக் காக்கிறது.

தொடக்க, உயர்நிலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மேல்நிலை வேதியியலின் அடித்தளம் எங்கள் கையில் மட்டும் இல்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் தராசைத் தொட்டு எடை போடட்டும். நிறுப்பதற்கு முன் ஊகித்துச் சொல்லட்டும். ‘எது கனம்?’ என்பதோடு ‘எதில் அதிக எண்ணிக்கை?’ என்பதையும் கேளுங்கள். ஆறாம் வகுப்புக் கணக்கில் வரும் விகிதமும் ஓரலகு முறையும்தான் மோல் கணக்கின் முழு எந்திரம். “3 பேனா 24 ரூபாய் என்றால் 7 பேனா?” என்பதை வாய்பாடு இல்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வேதிவினைக்கூறு விகிதம் புதிதன்று. ஒன்பதில் இணைதிறனை விளையாட்டாகவாவது பழக்கிவிடுங்கள். வாய்பாடு எழுதத் தெரியாமல் சமன்பாட்டைச் சமன்செய்ய முடியாது. பத்தில் மோல் பாடத்தை நடத்தும்போது வரையறையைக் கடைசியில் வைத்துப் பாருங்கள்.

எங்களைப் போன்ற மேல்நிலை ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஆறு பாடவேளை அதிகம் என்று தோன்றலாம். பொதுத்தேர்வு அழுத்தம் இல்லாத முதலாம் ஆண்டில் அந்த நேரம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கருத்தியல் தாளின் 70 மதிப்பெண்களில் எத்தனை கேள்விகள் மோலைத் தொட்டு நிற்கின்றன என்று கடந்த வினாத்தாள்கள் இரண்டை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். முதல் மாதத்தில் செலவிட்ட ஆறு பாடவேளை அடுத்த ஆண்டில் பல மடங்காகத் திரும்பி வரும்.

நாளை சத்துணவுக் கூடத்தில் ஓடுகளை ஒரு வாளியில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கால் கிலோ தூள் இருந்தால் ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுதும் தாராளமாகப் போதும்.